நாலு விரற்கடைக் குச்சி

அப்துல் கரீமுக்குத் துப்பாக்கி ஆசை வந்தது மெரினா மணலில். பலூன் கடைக்காரன்தான் காரணம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் திருவல்லிக்கேணியிலிருந்து நடந்து போய், பலகையில் குத்தி வைத்திருக்கும் பலூன்களைச் சுடுவார். குறி தப்பினால் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்.

"டேய், கொழாய வளைச்சு வெச்சிக்கினு எங்கிட்டயே காட்டறியா?"

குறி தப்பாவிட்டாலும் விடமாட்டார். "வளைஞ்ச கொழாயிலயே அடிச்சேன் பாத்தியா? நேரா இருந்தா உன் கடையே இருக்காது."

கடைக்காரன் செத்து மகன் வந்தான். சந்தேகம் மட்டும் அப்படியே இருந்தது. வளையாத குழாயில் ஒரே ஒரு தடவையாவது சுட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

மனுஷன் யாரையும் நம்பமாட்டார். செய்த தொழில் அப்படி. மெத்தை, தலையணை தைக்கிற கடை. இலவம் பஞ்சு என்று மூட்டை வரும். மேலே வெள்ளை வெளேரென்று இருக்கும். கையைத் தோள்வரை விட்டுத் துழாவினால் நடுவில் எவனோ செத்த வீட்டு மெத்தையைப் பிரித்து அடைத்த பழம்பஞ்சு கிடக்கும். மூடியிருக்கிற எதற்குள்ளும் வேறேதோ இருக்கிறது என்பது அவர் தீர்மானம். ஆட்டோ மீட்டருக்குள் இருக்கிறது, சம்பந்தி வீட்டுச் சிரிப்புக்குள் இருக்கிறது. பால் பாக்கெட்டுக்குள் இருக்கவே இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், வாத்தியாரையும் நம்பவில்லை.

லைசென்ஸ் கிடைத்ததற்கு அவர் மனைவி ஷாகிராதான் வழி. அவள் பங்குக்குச் செய்யூர் பக்கம் கொஞ்சம் வேர்க்கடலை நிலம் வந்திருந்தது. காட்டுப் பன்றி இறங்கிக் கடலையைத் தோண்டித் தின்று அழிச்சாட்டியம். பயிருக்குக் காவலாக, வேட்டுச் சத்தம் போட்டு விரட்ட, ஒரு துப்பாக்கி வேண்டுமென்று எழுதிப்போட்டார். விசாரணைக்கு வந்த அதிகாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பாய்க்கும் பன்னிக்கும் இன்னாயா தகராறு?"

"தின்னத்தான் கூடாது சார். சத்தம் போட்டுத் தொரத்தக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல."

அலையவிட்டு அலையவிட்டுக் கொடுத்தார்கள். அதுவும் வாய் வழியே வெடிமருந்தும் குண்டும் போட்டுக் குச்சியால் இடித்துக் கிட்டிக்கிற பழங்காலத்துத் துப்பாக்கிக்கு மட்டும். கரீமுக்கு அதுதான் வேண்டியிருந்தது. தோட்டா என்றால் எவனோ மூடிக் கொடுப்பது. இதில் தன் கையால் தானே போடலாம்.

தியாகராய நகரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் வைரவனிடம் அப்படி ஒன்று இருந்தது. காரைக்குடிப் பக்கத்து ஆள். மேற்கு மாம்பலத்தில் வீடு. அப்பா காலத்து ரைஃபிள். அப்பாவுக்குப் பிறகு லைசென்ஸ் தன் பெயருக்கு மாறியதே தவிர, அவர் அதை உறையைவிட்டு எடுத்ததில்லை. உறையோடு பீரோவுக்குள் கிடந்தது. கைமாற்றுகிற காரியம் ஒரு துப்பாக்கிக் கடையில் வைத்து நடந்தது. கடைக்காரர், "உள்ள எடுத்துட்டுப் போயி ஒருவாட்டி குச்சி விட்டுப் பார்த்துக் குடுத்துடறேன் பாய்" என்றார்.

கரீம் இரண்டு கையாலும் உறையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாத்துக்கு உள்ள? என் கண்ணுக்கு முன்னாடியே இருக்கட்டும். உள்ள எடுத்துக்கினு போயி நல்ல கொழாய உருவிக்கினு வேற மாட்டிடுவ."

கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. முத்திரையைக் குத்தித் தாளை நகர்த்தினார். "எடுத்துட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்து கரீம் உறையைப் பிரித்தார். புளியங்கொட்டை நிறத்தில் கட்டை. கன்னம் வைக்கிற இடம் எவர் கன்னமோ பட்டுப் பட்டு வழுவழுவென்று இருந்தது. குழாய் வாய்க்குள் விளக்கைக் காட்டினால், உட்சுவரில் வரி வரியாகச் சுற்றிக்கொண்டு இருட்டுக்குள் இறங்கியது. கல்யாண வீட்டு முறுக்கு மாதிரி ஒழுங்கான சுற்று. குழாயைத் தெருவிளக்குக் கம்பத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வளைவே இல்லை.

"சுப்ஹானல்லா" என்றார். ஷாகிரா அந்த மாதிரிக் குரலை அவரிடம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

பிறகு குழாய்க்கு அடியில் செருகியிருந்த கிட்டிக்கும் குச்சியை உருவி, வாய் வழியே உள்ளே விட்டார். முட்டி நின்றது. நாலு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா! பாத்தியாடி! வேற துப்பாக்கிக் குச்சிய வெச்சுக் குடுத்துட்டான். அந்த வைரவன் நெத்தில பட்டையப் பாக்கும்போதே நெனச்சேன்."

"நீட்டிக்கினு இருந்தா இருந்துட்டுப் போவுது" என்றாள் ஷாகிரா.

"அளவு தப்பினா எப்படிக் கிட்டிக்கிறது? போய் ரம்பத்த எடு."

வாயோடு வாயாகக் கோடு போட்டு, நீட்டிய நாலு விரற்கடையை அறுத்துத் தள்ளினார். துண்டை ஷாகிரா எடுத்துக்கொண்டாள். கடற்காற்றில் சமையலறை ஜன்னல் கதவு நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும், துண்டை இடுக்கில் செருகினாள், சத்தம் நின்றது. "உங்க துப்பாக்கியில நமக்கு இது ஒன்னுதான் ஒப்பேறுச்சு" என்றாள்.

அறுத்த குச்சியை மறுபடி குழாய்க்கு அடியில் செருகினால், அந்தப் பொந்துக்குள் நாலு விரற்கடை உள்ளே போய் ஒளிந்துகொண்டது. குறடு வைத்து இழுக்க வேண்டியதாயிற்று. அதற்கும் வைரவனைத்தான் திட்டினார். போன் போட்டார். வைரவன் எடுக்கவில்லை. எடுக்காததால் குற்றம் ருசுவாகிவிட்டது.

அதன்பிறகு வந்த நாட்களைப் போல நாட்கள் கரீமுக்கு முன்னே வந்ததில்லை. கடையை மதியமே வேலையாளிடம் விட்டுவிட்டு மாடி வீட்டுக்கு வந்துவிடுவார். அஸர் தொழுதுவிட்டு, மெத்தை உறைத் துணியை விரித்து, மேலே துப்பாக்கியைக் கிடத்துவார். தேங்காய் எண்ணெய் கட்டைக்கு, மெஷின் எண்ணெய் இரும்புக்கு. பூட்டுக்கு மேலே சுத்தி மாதிரி நிற்கும் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால் இரண்டு முறை நாக்கைச் சொடுக்குகிற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்ப இழுப்பார். குதிரை இரும்பில் அடித்தால் இரும்பு கெடும் என்று, பழைய செருப்பிலிருந்து வெட்டிய தோல் துண்டு ஒன்றை இடையில் வைத்துக்கொண்டு விசையை அழுத்துவார். டொப். காலண்டரைச் சுட்டார். பல்லியைச் சுட்டார். எதிர் மாடியில் துணி காயவைக்கிற மேன்ஷன்காரன் சட்டையைச் சுட்டார். ஷாகிரா கீரை ஆய்ந்துகொண்டிருந்தால், "உன் மூக்குத்திய எடுக்கறேன் பாரு" என்று அவளையும் சுட்டார். டொப்.

"எடுத்துட்டீங்களா?" என்பாள் அவள் தலை நிமிராமல்.

"கல்லு மட்டும் போச்சு. தங்கம் கீது."

மருமகள் ரூஹிக்குத்தான் இது பிடிக்கவில்லை. மகன் ஷோயப் பெங்களூரில் வேலை, வாராவாரம் வருவான். "மாமா, வெளையாட்டுக்கும் மனுஷங்க பக்கம் திருப்பாதீங்க" என்றாள்.

"காலித் துப்பாக்கிம்மா. ஒட்டட அடிக்கிற குச்சியும் இதுவும் ஒன்னுதான்."

அப்போதுதான் தேர்தல் அறிவிப்பு வந்தது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டெல்லாம் எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து நாளைக்குள் கொண்டு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

கரீமுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தடவைகூடச் சத்தம் கேட்காமல் கொண்டுபோய்க் கொடுப்பதா? துப்பாக்கிக் கடைக்குப் போய் லைசென்ஸைக் காட்டிக் கேப்பு வாங்கினார். சின்னச் செப்புத் தொப்பி. குதிரை அடிக்கிற காம்பின் மேலே மாட்டுவது. அடித்தால் பொறி உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். அங்கே நின்றிருந்த ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: "காலித் துப்பாக்கியில கேப்பு மட்டும் மாட்டி, மெழுகுவத்திக்கு நேரா வாயப் புடிச்சு அடிங்க பாய். ஊதுன மாதிரி காத்து வரும். தீ அணைஞ்சா வழி சுத்தம்."

சாயங்காலம் வீட்டில் எல்லாம் ஏற்பாடாயிற்று. முக்காலியில் வைத்த மெழுகுவத்தியைக் கடற்காற்று அணைத்து அணைத்துப் போட்டது. கடைசியில் ஷாகிராவே சுவர் ஓரமாக நின்று, மெழுகுவத்தியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, இன்னொரு கையால் காற்றை மறைத்துக்கொண்டாள். ரூஹி ஷோயபுக்கு அனுப்பப் போனில் படம் எடுக்க நின்றாள்.

"சீக்கிரம் ஆவட்டும். கை மேல மெழுவு ஊத்துது."

"ஆடாத. ஆடினா தீயும் ஆடும்."

கரீம் கேப்பை எடுத்து மாட்டினார். குதிரையைப் பின்னுக்கு இழுத்தார். இரண்டு சொடுக்கு. குழாயின் வாய் தீயிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. கன்னத்தைக் கட்டையில் வைத்தார்.

அவருடைய போன் அடித்தது.

"அடிக்கட்டும்" என்றார்.

ரூஹி எட்டிப் பார்த்தாள். "வைரவன்னு வருது மாமா."

கரீமின் விரல் விசையிலிருந்து விலகியது. வேறு யாராக இருந்தாலும் விலகியிருக்காது. இத்தனை நாள் வயிற்றில் சேர்த்து வைத்திருந்த வசவு அத்தனையும் ஒரே மூச்சில் தொண்டைக்கு வந்துவிட்டது.

"எடு. சத்தமா வை. நல்லா நாலு கேட்டுட்டு அப்புறமா அடிக்கிறேன்."

குதிரை இழுத்தபடியே துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னா மொதலாளி! போன் எடுக்கறதுக்கு இப்பத்தான் கை வந்துச்சா?"

"பாய், குடும்பத்தோட திருச்செந்தூர் போயிருந்தேன். வந்து பாத்தா வண்டி வண்டியா உங்க மிஸ்டு காலு. குச்சிய மாத்திப்புட்டேன்னு கடைக்காரர்ட்டயும் சொன்னீகளாமே. நான் அப்படிப்பட்ட ஆளா பாய்?"

"பின்ன? உள்ள வுட்டா நாலு வெரக்கடை வெளிய நீட்டிக்கினு கீது. இது எந்த ஊரு அளவு?"

"அதெப்புடி நீட்டும்? எங்கப்பாரு அளவெடுத்துச் செஞ்ச குச்சி அது. குழாய்க்கு அடியில செருகுனா வாயோட வாயா நிக்கும். உள்ள விட்டாலும் வாயோட வாயாத்தான் நிக்கணும்."

"நிக்கல. அதான் அறுத்துட்டேன். இப்ப அடியில செருகினா உள்ள போயி ஒளிஞ்சிக்குது. இத்த ஒரு குச்சின்னு..."

"பாய், இருங்க. அறுக்கறதுக்கு முந்தி அடியில சரியா இருந்துச்சா?"

கரீம் குழாய்க்கு அடியில் இருந்த பொந்தைத் தடவினார்.

"பாய்? கேக்குதா? அடியில சரியா நின்ன குச்சி, உள்ள விட்டா மட்டும் நீட்டுச்சா?"

"...ஆமா."

 வைரவனின் குரல் மிகவும் தணிந்து வந்தது.

"எங்கப்பாரு சின்னப் புள்ளையில எனக்குச் சொல்லுவாக. குச்சி வாயோட வாயா நின்னா காலி. எம்புட்டு நீட்டிக்கிட்டு நிக்கிதோ அம்புட்டு மருந்தும் குண்டும் உள்ள கெடக்கும்னு. பாய், அது கிட்டிச்சபடியே கெடக்கு. எனக்குத் தெரியாது பாய், ஆண்டவன் சத்தியமா எனக்குத் தெரியாது. துப்பாக்கிய எங்க வச்சிருக்கீக?"

"மடியில."

"கேப்பு கீப்பு எதும் மாட்டலையே?"

கரீமின் பார்வை சமையலறை ஜன்னலுக்குப் போயிற்று. இடுக்கில் அந்தத் துண்டு இருந்தது. நாலு விரற்கடை. அதைத்தான் அவர் ரம்பம் போட்டு அறுத்தார். அந்த அளவுக்கு உள்ளே ஏதோ இருக்கிறது என்று அது சொன்னதை, ஊரில் உள்ள எல்லா மூட்டையிலும் கை விட்டுத் துழாவுகிறவர், அறுத்துத் தூரப்போட்டுவிட்டார்.

"மாட்டியாச்சு" என்றாள் ஷாகிரா போனைப் பார்த்து. "குதிரையும் மேல கீது." மெழுகுவத்தி இன்னும் அவள் கையில் எரிந்துகொண்டிருந்தது. நெஞ்சுக்கு நேராக.

"ஆத்தாடி! பாய், விசையத் தொட்டுறாதீக. ஆளில்லாத பக்கமாத் திருப்புங்க. நான் வண்டிய எடுத்துட்டேன்."

ஆளில்லாத பக்கம்! கரீம் துப்பாக்கியைக் கொஞ்சம் தூக்கினார். மேலே ஓட்டை உடைசல் தளம். அதற்கு மேல் வீட்டுக்காரர் குடும்பம் டீ குடிக்க உட்காரும் நேரம். கீழே பிரியாணிக் கடை. அண்டாவைச் சுற்றி ஆள். வாசல் பக்கம் சந்து, அதில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள். பின்பக்கம் ஒரு செங்கல் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சரண்யாவின் அடுப்படி, அவள் கரண்டிச் சத்தம் இங்கே கேட்டது. பிறந்ததிலிருந்து இருக்கிற ஊர். குழாயின் வாயை வைக்க ஒரு முழம் காலி இடம் இல்லை.

 கட்டைவிரல் முழுக்க எண்ணெய்.

"ட்ரம்மு" என்றாள் ஷாகிரா.

சமையலறை மூலையில் நீல ட்ரம். காலையில் வந்த மெட்ரோ வாட்டர் கழுத்துவரை நிரம்பியிருந்தது. இரண்டு நாள் தண்ணீர்.

"குடிக்கிற தண்ணிடி."

"அத்த அப்பறம் பேசிக்கலாம். எழுந்துருங்க. மெதுவா. ரூஹி, நீ வெளிய போ. போன்னு சொல்றேன்ல!"

ரூஹி போனாள். கரீம் எழுந்தார். முட்டி சொடுக்கியதற்கே இரண்டு பேரும் துப்பாக்கியைப் பார்த்தார்கள். ஐந்தாறு எட்டு. அந்த ஐந்தாறு எட்டில் மெத்தைக் கடையில் ஐம்பது வருஷம் நடந்ததைவிட அதிகமாக நடந்தார். குழாயின் வாயை ட்ரம்முக்குள் இறக்கினார். பூட்டு மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது.

"குதிரைய இறக்கணும்" என்றார். "வெரலு வழுக்குது. வழுக்கிச்சுன்னா கேப்பு மேலதான் அடிக்கும்."

ஷாகிரா மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். தரையில் விரித்திருந்த துணியிலிருந்து அந்தச் செருப்புத் தோல் துண்டை எடுத்து வந்தாள். குதிரைக்கும் கேப்புக்கும் இடையில் இருந்த சந்துக்குள் அதைச் செருகி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடுடி. வெரலு நசுங்கிடும்."

"நசுங்கட்டும். இறக்குங்க."

கரீம் லுங்கி நுனியால் கட்டைவிரலைத் துடைத்தார். குதிரையை இழுத்துப் பிடித்தார். "பிஸ்மில்லா" என்று விசையை அழுத்தினார். பூட்டுக்குள் இருந்த வில்லின் மொத்த பலமும் கட்டைவிரலில் வந்து ஏறியது. நழுவியது, பிடித்தார், மறுபடி நழுவியது. டொப். தோல் மேல் விழுந்து நின்றது. ஷாகிராவின் நகக்கண் ஓரத்தில் ரத்தம் கட்டியது. வெடிக்கவில்லை.

அவள் குதிரையைத் தூக்கச் சொல்லி, கேப்பைப் பிடுங்கி ஜன்னல் கட்டையில் வைத்தாள். பிறகு துப்பாக்கியை அவர் கையிலிருந்து வாங்கிக் கட்டையோடு, பூட்டோடு தண்ணீருக்குள் அமிழ்த்தினாள். அத்தனை நாள் தேய்த்த எண்ணெய் வட்டம் வட்டமாக மேலே மிதந்தது. குழாயிலிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தது. இரண்டு பேரும் குமிழி நிற்கிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வைரவன் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தபோது பாய் தரையில் உட்கார்ந்திருந்தார். யாரும் யாரையும் திட்டவில்லை. ஷாகிரா டீ போடவில்லை, தண்ணீர் இல்லை. வைரவன் கீழே போய் டீ வாங்கி வந்தார்.

மறுநாள் காலை அந்தத் துப்பாக்கிக் கடையிலேயே, கடைக்காரர் காம்பைக் கழற்றி அதன் வழியாகவும் தண்ணீர் விட்டு, திருகாணி பொருத்திய நீளக் கம்பியை வாய் வழியே இறக்கிக் குண்டை இழுத்தார். சதைக்குள்ளிருந்து பல் வருகிற மாதிரி வந்தது. ஈயக் குண்டு, அதைச் சுற்றி ஒரு துணி, பின்னால் கருஞ்சேறாக மருந்து. அதற்கும் அடியில் இருந்தது காய்ந்த பொடியாகவே இருந்தது. தண்ணீர் அதுவரை முழுசாகப் போகவில்லை. கடைக்காரர் அதை விரலில் தேய்த்துப் பார்த்து, கரீமை ஒரு பார்வை பார்த்தார்.  திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துணி பச்சைக்கரை வேட்டியின் கிழிசல். வைரவன் அதைக் கையில் வாங்கினார்.

"அப்பாரு வேட்டி" என்றார். "கடைசியா ஊருல பன்னிக்குன்னு போட்டு வச்சிருப்பாக. அதுக்கப்பறம் எத்தன எலெக்சன் பாய்! ஒவ்வொரு தடவையும் ஸ்டேசன்ல குடுத்துக் குடுத்து வாங்கியிருக்கேன். அங்க மூலையில சாத்தி வச்சிருப்பாக. போலீசுக்காரவுக முன்னால உக்காந்து டீ குடிப்பாக."

கரீமுக்குச் சிரிப்பு வரவில்லை. வைரவனுக்கும் வரவில்லை.

ஸ்டேஷனில் எழுதுகிற ஏட்டு குழாயின் வாயைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். கரீம் பாய்ந்து குழாயைத் தள்ளினார்.

"பாக்காதீங்க சார். குச்சி வுட்டுப் பாருங்க."

"நீதான் காலின்னு சொல்ற?"

"நான் சொன்னா? நம்பிடுவீங்களா? வுட்டுப் பாருங்க."

ஏட்டு குச்சியை விட்டார். டங்கென்று அடியில் இரும்பு சத்தம் கொடுத்தது. குச்சி முழுசாக உள்ளே விழுந்து காணாமல் போயிற்று. தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

"இன்னா பாய், குச்சி குட்டையா கீது? வித்தவன் ஏமாத்திட்டானா?"

வைரவன் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"குச்சி நல்ல குச்சி சார்" என்றார் கரீம். "அறுத்தவன் சரியில்ல."

ஓட்டு எண்ணி முடிந்து துப்பாக்கி திரும்பி வந்தபோது மழைக்காற்று தொடங்கியிருந்தது. இரும்பில் அங்கங்கே துரு. புதுக் குச்சிக்கு வைரவன்தான் மரம் வாங்கிக் கொடுத்தார். காரைக்குடியிலிருந்து வந்த மரம் என்றார். கரீம் அதை மோந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். எண்ணெய் போட்டுத் துடைத்து முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. டொப் சத்தம் அந்த வாரம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் ஷாகிரா மெழுகுவத்தியை எடுத்து வந்தாள். நகத்தில் அந்தக் கறுப்பு இன்னும் பாதி இருந்தது.

"இன்னாத்துக்கு இது?"

"ஆரம்பிச்சத முடிங்க. மூலையில சும்மா நிக்கறத பாத்தா எனக்குப் பயமா கீது."

மெழுகுவத்தியை ட்ரம் மூடியின் மேல் நிறுத்தி, காற்றுக்கு அண்டையாகக் குடத்தை வைத்தாள். கரீம் கேப்பு டப்பாவுக்குக் கை நீட்டினார்.

"அதுக்கு முன்னாடி குச்சி."

"காலைலதான் வுட்டுப் பாத்தேன்."

"நான் பாக்கலியே."

விட்டார். டங். குச்சி வாயோடு வாயாக நின்றது. ஷாகிரா சமையலறை ஜன்னலிலிருந்து அந்தத் துண்டை உருவி எடுத்து வந்தாள். கதவு சுவரில் அடிக்கத் தொடங்கியது. துண்டைக் குழாயின் வாயருகே நிறுத்தி, குனிந்து, குச்சி ஒரு நூல்கூட நீட்டவில்லை என்று பார்த்தாள். விரலால் தடவியும் பார்த்தாள்.

"என்ன நம்பல இல்ல நீ?"

"யாரையும் நம்பாதன்னு சொல்லிக்கினு இருந்தது யாரு?"

கரீம் குச்சியை உருவி வைத்தார். கேப்பை மாட்டினார். இரண்டு சொடுக்கு. கன்னத்தைக் கட்டையில் வைத்தார். ஜன்னல் கதவு படாரென்று அடித்தது, தோள் தூக்கிப்போட்டது. குழாயின் வாய் தீயிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. விசையில் விரலை வைக்கப் போனவர் நிறுத்தினார்.

"ஷாகிரா. எங்க நிக்கற?"

"உங்களுக்குப் பின்னாடி" என்றாள் அவள். "இனிமே எப்பவும் அங்கதான். அடிங்க."